சாரலில் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. கையில் காபி. எதிரே மலை — முழு மலை இல்லை, மேகம் போனால் போகிறதென்று விட்டுவைத்த பாதி மலை. அதைப் பார்த்தபடி ஒன்றுமே யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. சீசன் வந்துவிட்டால் புத்தியும் கொஞ்சம் மூட்டம் போட்டுவிடும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனால்... அந்தப் பால் நமக்கில்லை.

அப்போது எங்கள் கேட்டை யாரோ உலுக்கினார்கள்.

"அக்கா! லைட்டு எரியுதுக்கா!"

பக்கத்து வீட்டு நஸ்ரின். சாரல் காலத்தில் கிளை முறிந்து விழுந்து கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கிற எங்கள் தெருவில், லைட் எரிந்தால் யாராவது இப்படி அலறுவார்களா? முக்காடு நனைய, செருப்புகூடப் போடாமல் நின்றாள்.

"எந்த லைட்டு?"

"காருல... அந்தப் பேட்டரி படம் போட்ட சேப்பு லைட்டு. அணைய மாட்டேங்குது. வியாழக்கிழமை அவிய வாராவ. நான் என்னக்கா செய்வேன்?"

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. காருக்காக ஒரு பெண் அழுவாளா என்று கேட்காதீர்கள். அழுவாள். காரணம் இருக்கிறது.

நஸ்ரினின் கணவர் மைதீன் சவூதியில் டிரைவர். ஒரு பெரிய வீட்டுக்கு வண்டி ஓட்டுகிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அம்மாக்களைக் கடைக்குக் கூட்டிப்போவது, விருந்தாளிகளை ஏர்போர்ட்டில் இறக்குவது... நாள் முழுக்க யாரையாவது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. மூன்று வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. போன தடவை லீவில் வந்தபோது ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கி, ஒரு மாதம் ஓட்டிவிட்டு, சாவியை நஸ்ரினிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் வளைகுடாவிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு ஒரு வேன் போகும். கார் இல்லை — வேன்! முன் சீட்டில் தம்பி. நடு சீட்டில் வந்தவர். அவருக்கு இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் அக்கா, மடியில் யாருடைய பிள்ளையோ. பொண்டாட்டி? கடைசி சீட்டில், பெட்டிகளோடு.

யாரும் திட்டம் போட்டு அப்படி உட்கார வைப்பதில்லை. அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிடும்.

"போன தடவ அவிய பின்மண்டையத்தான் பாத்துக்கிட்டே வந்தேன்க்கா," என்று ஒருநாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். "ஏர்போர்ட்டுல இருந்து செங்கோட்டை வரைக்கும். முடி நரைச்சிருக்குன்னு அப்பதான் தெரிஞ்சுது. போன்ல அது தெரியாதுல்லா?"

வீட்டுக்கு வந்தால் சொந்தபந்தம் காத்திருக்கும். பெட்டி பிரிக்க வேண்டும். சாப்பாடு, பேச்சு, சிரிப்பு. எல்லாரும் கிளம்புவதற்குள் மனிதர் அலுப்பில் தூங்கிவிடுவார்.

அதனால் இந்தத் தடவை நஸ்ரின் ஒரு காரியம் செய்தாள். கணவருக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸும் எடுத்துவிட்டாள். விடிந்தும் விடியாத நேரத்தில் ஐந்தருவி ரோட்டிலும், பண்பொழி ரோட்டிலும், புளியரை வளைவுகளிலும் ஓட்டிப் பழகினாள். பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போனது நான்தான்.

ஏர்போர்ட்டுக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய், அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"மூணு மணி நேரம்க்கா. எனக்கே எனக்குன்னு."

மாமியார் லேசில் சம்மதிக்கவில்லை. பத்து நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு இறங்கி வந்தார். அந்த நேரத்தில்தான் இந்த சிவப்பு விளக்கு! மாமி பார்த்துவிட்டார். தீர்ப்பும் சொல்லிவிட்டார்: "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்த லைட்டு அணைஞ்சா நீ போ. இல்லன்னா வேன்தான். மலையில நடுக்காட்டுல என் மவன நிறுத்திராத."

நியாயமான பேச்சுதானே? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

என்னிடம் ஏன் ஓடிவந்தாள் என்றால், என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. முன்பு ஒருமுறை என் பழைய கார் பண்பொழி மலையடிவாரத்தில் நின்றுபோனது. ஒருவர் பேட்டரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். இன்னொருவர் ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னார். அதையும் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பாடியோடு சேரும் எர்த் ஒயர் லூஸ்! அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் வாங்கிய மீட்டர் இது. அன்றிலிருந்து ஆளாளுக்குச் சொல்லும் ஜோசியத்தை நான் கேட்பதில்லை. மீட்டர் சொல்வதைத்தான் கேட்பேன்.

கணக்கு ரொம்ப எளிது. எஞ்சின் நிற்கும்போது பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட் பக்கம் ஏற வேண்டும். ஏறினால், ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை என்றால் பேட்டரி தன் கைச்சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. தீர்ந்ததும் வண்டி நின்றுவிடும். புளியரை வளைவிலா, ஆரியங்காவு காட்டிலா என்பது அவரவர் ராசி.

நான் குடையையும் மீட்டரையும் தேடி எடுத்துக்கொண்டு போவதற்குள் சாரல் நின்று வெயில் எட்டிப் பார்த்தது. வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சிவப்பு விளக்கு சமர்த்தாக அணைந்துவிட்டது. மீட்டரை வைத்தேன். பதினாலு!

"ஒண்ணும் இல்லட்டி. நல்லாத்தான் இருக்கு."

"இல்லக்கா. சத்தியமா எரிஞ்சுது. மாமியும் பாத்தாவ."

வாசலில் நின்ற மாமி தலையை மட்டும் ஆட்டினார்.

சரி, ஒரு சுற்று போய்ப் பார்ப்போம் என்று பழைய குற்றாலம் பக்கம் கிளம்பினோம். என்ன ரோடு அது! இரண்டு பக்கமும் பச்சை. தூரத்தில் மலைமேல் வெள்ளையாக ஒரு கோடு — அருவியா, மேகம் கிழிந்த இடமா தெரியாது. ஜன்னலை இறக்கிவிட்டேன். ஈர மண் வாசனை, பழக்கடைப் பலாப்பழ வாசனை. எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோனது.  நஸ்ரின் மனதில் வியாழக்கிழமை ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

திரும்பவும் சாரல் பிடித்தது. வைப்பரைப் போட்டாள். மூட்டம் இறங்கவே ஹெட்லைட்டையும் போட்டாள். கண்ணாடி உள்ளே ஆவி படிந்ததால் ஏசியையும் போட்டாள்.

டேஷ்போர்டில் மெதுவாக... தூக்கத்திலிருந்து கண் திறப்பது மாதிரி... அந்தச் சிவப்பு எழுந்தது.

உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெளியே எல்லாம் சாம்பல் நிறம். உள்ளே குங்குமப் பொட்டு அளவுக்குச் சிவப்பு. அதை ரசித்துக்கொண்டிருந்த என்னை நஸ்ரின் உலுக்கினாள்.

"அக்கா! பாத்தீகளா!"

ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, குடையைப் பிடித்துக்கொண்டு மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு. என் கண் முன்னால் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அருவிக்குப் போகிற கூட்டம் எங்களைச் சுற்றி நின்றுவிட்டது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, இடுப்பில் துண்டோடு, வழிய வழிய நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பேட்டரிய மாத்துங்கம்மா."

குளிக்கப் போகிற மனிதர்! அவருக்கும் ஒரு வைத்தியம் தெரிந்திருக்கிறது. முறைத்தேன். போய்விட்டார்.

மறுநாள் செங்கோட்டை ரோட்டில் சங்கரன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். கார் எலெக்ட்ரீஷியன். வாய் ஓயாத மனிதர். நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் முடிவெடுத்துவிட்டார்.

"டைனமோ போயிட்டு தாயி. வேற ஒண்ணும் இல்ல." ஆல்டர்னேட்டரை எங்கள் பக்கம் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள்.

"கழத்திச் சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"சோதிக்கவே வேண்டாம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

யார் மூஞ்சியை என்று நான் கேட்கவில்லை. கழற்றினார். மேஜையில் பூட்டிச் சுற்றிப் பார்த்தார். நன்றாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப மாட்டினார். ஒர்க்‌ஷாப் கூரைக்கடியில், ஈரமே இல்லாமல், வண்டி பதினாலு வோல்ட் காட்டியது. நஸ்ரின் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"வேன்தான் போலுக்கு," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். 

யோசித்தேன். வெயிலில் நல்ல பிள்ளை. சாரலில் மட்டும் நோய். ஈரம் பட்டால் எது கெடும்? ஈரம் பட்டால் எது... வழுக்கும்?

"அண்ணாச்சி, பெல்ட்டு?"

ஆல்டர்னேட்டரைச் சுற்றவைப்பது எஞ்சினிலிருந்து போகும் ஒரு ரப்பர் பெல்ட். அது வழுக்கினால் எஞ்சின் ஓடும், ஆல்டர்னேட்டர் ஒழுங்காகச் சுற்றாது.

"பெல்ட்டு வழுக்குனா சும்மா இருக்குமா? ஊரக் கூட்டிருமே! கீச்சு கீச்சுன்னு காதுல வெரல விடணும். இது சத்தமே போடலயே," என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதும் சரிதான். அதனால்தான் அவர் பெல்ட்டின் பக்கமே போகவில்லை.

"தண்ணி தெளிச்சுப் பாப்போமே."

ஹெட்லைட், வைப்பர், ஏசி — எல்லாவற்றையும் போடச் சொன்னேன். அண்ணாச்சி ஒரு மக்கில் தண்ணீர் எடுத்து, தள்ளி நின்று, பெல்ட் பக்கம் தெளித்தார். நஸ்ரின் உள்ளே இருந்து கத்தினாள்: "எரியுது! எரியுது!"

சத்தம்? ஒரு சின்னக் கீச்சுகூட இல்லை.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். பளபளவென்றிருந்தது. முகர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நானும் முகர்ந்தேன்.

தேங்காய் எண்ணெய்.

"ஏ தாயி... பெல்ட்டுக்கு எண்ணெய் தேச்சு அருவிக்குக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனீகளா?"

நஸ்ரின் தரையைப் பார்த்தாள்.

எண்ணெய் வைத்தது அவள்தான்!

கதை இதுதான். மைதீன் ஊரில் இல்லாத காலமெல்லாம் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் வீடியோ காலில் வருவார். உம்மாவிடம் பேசுவார், மகளிடம் பேசுவார், கடைசியில் "வண்டிய ஸ்டார்ட் பண்ணு, கேப்போம்" என்பார். நஸ்ரின் சாவியைத் திருகி, போனை பானெட் பக்கம் பிடிப்பாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு டிரைவர் காதைக் கொடுத்துக் கேட்பார். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கச் சொல்வார். பேட்டரி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு வெள்ளிக்கிழமை அந்தச் சத்தத்தில் ஒரு கீச்சு.

"நஸ்ரீ, அது என்ன? பெல்ட்டு சத்தம் மாதிரி இருக்கே. தம்பிட்ட சாவியக் குடு. ஒர்க்‌ஷாப்புல விட்டு அவனே வச்சுக்கிடட்டும், நான் வார வரைக்கும்."

சாவி தம்பியிடம் போனால்? காலையில் ஓட்டிப் பழகுவது போச்சு. ரகசியம் போச்சு. மூன்று மணி நேரமும் போச்சு.

"தையல் மெஷின் சத்தம் போட்டா ரெண்டு சொட்டு விடுவேன்க்கா. பீரோ கதவு சத்தம் போட்டாலும் விடுவேன். அதான்... பெல்ட்டுக்கும் விட்டேன். சத்தம் நின்னுட்டு. அடுத்த வெள்ளிக்கிழம கேட்டுட்டு, 'இப்ப நல்லாருக்கு'ன்னாவ. திரும்பச் சத்தம் வாற மாதிரி இருந்தா, திரும்ப விடுவேன்."

சங்கரன் அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா? அந்த வீட்டை எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் அது மாதிரி எத்தனையோ வீடுகளைத் தெரியும். வெள்ளிக்கிழமை போன் வருவதற்கு முன்னால் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுவிடுவார்கள். மாமி குளியலறையில் வழுக்கி விழுந்தாரா? "உம்மா தூங்குதாவ." மகள் கணக்கில் கோட்டை விட்டாளா? "நல்லாப் படிக்கா." மாடியில் ஒழுகுகிறதா? "மழை ஜோரா இருக்கு!" தூரத்தில் இருக்கிற மனிதன் கவலைப்பட்டு என்ன செய்யப் போகிறான் என்று ஒரு கரிசனம்.

அந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மைதீன் எப்போது போனில் வந்தாலும் பின்னால் ஒரே சுவர். போனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பவே மாட்டார். "ஒருநாளாவது ரூமக் காட்டுங்கன்னா, நெட்டு சரியில்லன்னு சொல்லிருவாவ" என்று நஸ்ரினே சொல்லியிருக்கிறாள். படத்தில் தெரியாத பக்கம் எத்தனை பேர் படுத்திருக்கிறார்களோ, யார் கண்டது?

ஆக இரண்டு பக்கமும் சத்தமில்லை. ரொம்ப நிம்மதி. ஆனால் பெல்ட் வழுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. கீச்சிடுகிற பெல்ட் பரவாயில்லைங்க... அதை இழுத்துக் கட்டிவிடலாம். வாயை மூடிக்கொண்டு வழுக்குகிற பெல்ட்டை என்ன செய்வீர்கள்?

நான் இதையெல்லாம் நஸ்ரினிடம் சொல்லவில்லை. அவளே விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது போய் உபதேசம் பண்ணினால் நான் மனுஷியா?

"புது பெல்ட்டு போடணும்," என்றார் அண்ணாச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எண்ணெய் குடிச்ச ரப்பர் இனி உதவாது. ஆனா இந்த வண்டிக்கு உள்ளது தென்காசியில கெடைக்காது. திருநெல்வேலியில சொல்லி பஸ்ஸுல போடச் சொல்லுதேன்."

செவ்வாய்க்கிழமை வரவில்லை. கடைக்காரர் பஸ்ஸைத் தவறவிட்டாராம். புதன்கிழமை மத்தியானம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நஸ்ரினும் நானும் நின்றோம். திருநெல்வேலி பஸ் ஒவ்வொன்றாக வந்தது. நஸ்ரின் ஒவ்வொரு கண்டக்டரிடமும் ஓடினாள். மூன்றாவது பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து நீட்டினார்கள். அதை வாங்கி அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே இருந்தது ஒரு ரப்பர் பெல்ட்.

அண்ணாச்சி பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, காயவைத்து, புது பெல்ட்டை மாட்டி, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி இறுக்கம் பார்த்தார். மக்குத் தண்ணீர், ஹெட்லைட், வைப்பர், ஏசி. மீட்டரில் பதினாலு. அசையவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் கடைசிப் பரீட்சை. சாரலும் சொல்லிவைத்த மாதிரி வந்துவிட்டது. மாமி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். மாமி இறங்குகிற வழியாக இல்லை. நஸ்ரின் என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது. சொல்லவில்லை.

கதவு திறந்தது.

"எரியல," என்றார் மாமி. "போ. ஆனா ஒண்ணு. வசந்தாவும் அந்த மீட்டரோட கூடப் போகணும். போகையிலயும் வாறப்பவும்."

நான் நஸ்ரினைப் பார்த்தேன். அவள் முகம் மலர்ந்து, கடைசி வார்த்தையில் கொஞ்சம் வாடியது. ஆனாலும் "சரி மாமி" என்றாள். நானும் "சரி மாமி" என்றேன். பின்னே? வேனை விட நான் ஒருத்தி எவ்வளவோ மேல்!

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் கிளம்பினோம். செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறினோம். வளைவு வளைவாக மேகம் ரோட்டுக்கே இறங்கி வந்து, கண்ணாடியைத் தடவிவிட்டுப் போனது. மூங்கில் கூட்டம் தெரியும், மறையும். எங்கோ தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும், எங்கே என்று தெரியாது. தமிழ் போர்டு போய் மலையாள போர்டு வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. நான் மடியில் மீட்டரை வைத்துக்கொண்டு கனவில் போகிறவள் மாதிரி போனேன். நஸ்ரின் மட்டும் முழித்திருந்தாள். முதுகு சீட்டில் படவே இல்லை. உதடு எதையோ ஓதிக்கொண்டே இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

ஏர்போர்ட்டில் மைதீன் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கண்கள் வேனைத் தேடின. தம்பியைத் தேடின. அப்புறம்தான் தனியாக நின்ற நஸ்ரினைப் பார்த்தார்.

"எங்க எல்லாரும்? யாரு வண்டி ஓட்டிட்டு வந்தா?"

நஸ்ரின் சாவியைத் தூக்கிக் காட்டினாள். 

அவர் சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். பெட்டிகளை ஏற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் நேராக டிரைவர் பக்கக் கதவுக்குப் போய்விட்டார். கைப்பிடியில் கை வைத்தவர் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"என்னைய மட்டும் வச்சு யாரும் ஓட்டுனதே இல்ல தெரியுமா," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் வேறு மாதிரி இருந்தது.

 இதற்கு மேல் அங்கே இருந்தால் நானும் ஒரு வேன்தான்.

"நஸ்ரின், எனக்கு இங்கன ஒரு வேலை இருக்கு. நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்துருதேன்."

"என்ன வேலைக்கா? சொல்லவே இல்லயே?"

"சொன்னாத்தானா? நீ போடி."

மாமிக்குக் கொடுத்த வாக்கு முக்கியமில்லையா? முக்கியம்தான். அதனால் மீட்டரை மட்டும் பின் சீட்டில் வைத்தேன்.

திருவனந்தபுரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரு ஹோட்டலில் அப்பமும் கடலைக்கறியும் சாப்பிட்டேன். கடைகளை வேடிக்கை பார்த்தேன். மெதுவாகத் தென்காசி பஸ் ஏறினேன். ஜன்னலோரம். ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாக நகர்ந்தன. எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

தென்மலை தாண்டி ஒரு வளைவில் பஸ் குலுங்கி விழித்தேன். சாரல். ரோட்டோரம் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

அவர்கள் கார்!

 நின்றுவிட்டதா? நடுக்காட்டிலா? மாமி சொன்ன மாதிரியே ஆயிற்றா? பஸ்ஸை நிறுத்தச் சொல்ல எழுந்தே விட்டேன். அதற்குள் பஸ் காரின் பக்கத்தில் வந்தது.

பானெட் மூடியிருந்தது. ஹெட்லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன — சாகிற பேட்டரியில் அப்படி எரியாது. வைப்பர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேர். கையில் ஆளுக்கொரு கட்டன் சாயா, பால் விடாத டீ. நஸ்ரின் ஏதோ மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கையை ஆட்டி ஆட்டி. அவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனதைக்கூட இரண்டு பேரும் பார்க்கவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரியங்காவு வரும்போது போன் அடித்தது. மாமி!

"வசந்தா! எங்கன நிக்கீங்க? ரெண்டு பேரு போனும் எடுக்கல. மத்தியானச் சோறு ஆறிப் போச்சு. லைட்டு எரிஞ்சிட்டா?"

"இல்ல மாமி. வண்டி நல்லாருக்கு. வந்துருவாவ."

"வந்துருவாவளா? அப்ப நீ எங்கன இருக்கே?"

மாட்டிக்கொண்டேன். பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை.

"பஸ்ஸுல மாமி."

 பஸ் இரண்டு வளைவு திரும்பியது. வசமாக வாங்கப் போகிறோம் என்று காத்திருந்தேன்.

"எங்க வீட்டுக்காரவுக கொழும்புல இருந்து வாறப்ப," என்றார் மாமி மெதுவாக, "எனக்கும் கடைசி வண்டிதான் வசந்தா." அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டார். "சோறு கெடக்கட்டும். மெதுவா வரட்டும்."

மூன்று மணி நேரப் பாதை. அவர்கள் வீடு வந்து சேரும்போது பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லிவிட்டார்கள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.